இதற்கு உதிரி எங்கே கிடைக்கும், கண்ணு?

இங்கிலாந்தில் பிஸ்லி என்ற ஊரின் ஸ்டிக்கிள்டவுன் துப்பாக்கி சுடும் மைதானம், 1000 கஜக் கோடு. ஏழாவது தோட்டாவை உள்ளே தள்ளிவிட்டுக் காத்திருந்தேன். அதுவரை இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்த, காற்றைக் காட்டும் கொடிகள் எல்லாம் திடீரென்று ஒரே பக்கமாக, ஒரே சாய்வில் நின்றன. ஒரு போட்டியில் அப்படிப்பட்ட நேரம் இரண்டு தடவை கிடைத்தால் பாக்கியம். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி விசையை அழுத்தினேன். 'டிக்' என்றது. வெடிக்கவில்லை. தோட்டா வெடிக்காவிட்டால் உடனே குழலின் பின்பக்கத்தை அடைத்திருக்கும் போல்ட்டைத் திறக்கக் கூடாது, சில சமயம் வெடிமருந்து தாமதமாகப் பற்றும். குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். ஒரு சுடுதலுக்கு அங்கே 45 வினாடிதான் கணக்கு. நான் மனத்துக்குள் எண்ணி முடிப்பதற்குள் கொடிகள் பழையபடி ஆடத் தொடங்கிவிட்டன. தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தேன். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமரின் மேல் நகத்தால் கீறியது போல ஒரு சின்னப் பள்ளம். மட்டமான ப்ரைமர் என்று திட்டிவிட்டுப் பெட்டியில் போட்டேன். அது ப்ரைமரின் குற்றமே இல்லை என்பது எனக்குத் தெரிய இன்னும் பதினான்கு மாதங்கள் ஆயின.

நான் கோயம்புத்தூர்க்காரன். அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். பள்ளி விடுமுறைகளில் இரும்புத் துருவலைக் கூட்டி அள்ளியே வளர்ந்தவன் என்பதால், உலோகத்தைத் தொட்டுப் பார்த்தாலே நல்லது கெட்டது தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. வேலைக்காக இங்கிலாந்துக்கு வந்து, சர்ரே பக்கம் வீடு எடுத்து, அலுவலக நண்பர் ஒருவர் அழைத்ததால் ஒரு துப்பாக்கி சுடும் கழகத்துக்குப் போனேன். 1860-இல் விம்பிள்டனில் விக்டோரியா அரசி முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கிவைத்த போட்டி, 1890 முதல் பிஸ்லியில் நடக்கிறது. அந்த வரலாறெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். முதல் நாள் என்னைக் கட்டிப்போட்டது, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான தொலைவில் இருக்கும் அட்டையில் நான் குறிவைத்த இடத்தில் ஒரு ஓட்டை விழுந்ததுதான். கழகத்தில் மூன்று மாதப் பயிற்சி உறுப்பினர் காலம், மருத்துவர் கடிதம், வீட்டுக்கு வந்து இரும்பு அலமாரியை ஆட்டிப் பார்த்த காவல்துறை அதிகாரி, அப்போதைய கட்டணம் 88 பவுண்டு என்று எல்லாம் முடிந்து உரிமம் கையில் வந்தது.

நான் தேர்ந்தெடுத்தது எஃப்-கிளாஸ் பிரிவில் எஃப்/டிஆர். ஜார்ஜ் ஃபார்குஹர்சன் என்ற கனடாக்காரரின் பெயரின் முதலெழுத்துத்தான் அந்த எஃப். வயதானவர்களும் பார்வை மங்கியவர்களும் ஸ்கோப் வைத்துக்கொண்டு போட்டியில் தொடரட்டும் என்று தொடங்கியது, இப்போது இளைஞர்களும் மொய்க்கும் பிரிவாகிவிட்டது. அதன் உட்பிரிவான எஃப்/டிஆரில் .308 அல்லது .223 என்ற அளவுத் தோட்டா மட்டுமே. முன்னால் இரு கால் தாங்கி. ஸ்கோப், தாங்கி எல்லாம் சேர்த்து 8.25 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. முழு ரைஃபிளைக் கடையில் வாங்கிச் சுடுபவர்கள் இந்தப் பிரிவில் குறைவு. ஆக்‌ஷன் ஒருவரிடம், குழல் வேறொருவரிடம், தோளில் வைக்கும் கட்டை இன்னொருவரிடம் என்று வாங்கிச் சேர்ப்பதுதான் வழக்கம். அங்கேதான் நான் சறுக்கினேன்.

ஆக்‌ஷன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: குழலின் பின்பக்கம் திருகப்படும் இரும்புக் கூடும், அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் போல்ட்டும் சேர்ந்ததுதான் அது. போல்ட் என்ற சொல்லுக்கு நம் ஊர்க் கதவுத் தாழ்ப்பாளையே நினைத்துக்கொள்ளலாம். தோட்டாவை உள்ளே தள்ளுகிறது, பூட்டுகிறது, வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குகிறது, தனக்குள் இருக்கும் ஃபயரிங் பின்னால் ப்ரைமரைக் குத்துகிறது, பிறகு வெற்று உறையை வெளியே இழுக்கிறது. குழல் தேய்ந்துபோகும் பொருள். .308-இல் 3,000 முதல் 5,000 தோட்டா வரை போனால் அதன் காலம் முடிந்தது, மாற்ற வேண்டும். ஆக்‌ஷன் அப்படியில்லை. சட்டிகள் எத்தனை மாறினாலும் அடுப்பு அதேதான். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுப்பதில் அத்தனை பேரும் அத்தனை கருத்துச் சொல்கிறார்கள்.

விற்பனைக்கு வந்த அந்த ஆக்‌ஷனைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சிறிய பட்டறை ஒன்றில் குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்டது. தோட்டாப் பெட்டி மாட்டுவதற்கென்று அடிப்பக்கத்தில் ஓட்டை இல்லாத, ஒரு தோட்டா மட்டும் ஏற்றும் வகை. அந்த வகை வளையாமல் விறைப்பாக நிற்கும், கட்டையிலும் நன்றாக உட்காரும் என்பது உண்மையே. போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தால் எண்ணெயில் வழுக்குவது போல வந்தது. நான் அதைக் காதருகே வைத்து மூன்று முறை இழுத்துப் பார்த்தேன், உரசல் சத்தமே இல்லை. பட்டறைக்காரன் மகனை விழவைக்க அது போதாதா? 480 பவுண்டு. புதிதாக நல்லதொரு போட்டி ஆக்‌ஷன் வாங்க ஆயிரத்துக்கு மேல் ஆகும். அன்றிரவு அப்பாவுக்குப் படம் அனுப்பித் தொலைபேசியில் பீற்றிக்கொண்டேன். அவர் வாழ்நாளில் ஒரு ரைஃபிளைத் தொட்டதில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "வேலைப்பாடு நன்றாக இருக்கிறது. இதற்கு உதிரி எங்கே கிடைக்கும், கண்ணு?" என்று கேட்டார். செய்த பட்டறை மூடிவிட்டது அப்பா, ஆனால் இதெல்லாம் ஆயுளுக்கும் உழைக்கும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்.

கழகத்தில் எல்லோரும் எச்சரித்தது வேறு விஷயத்தைப் பற்றி. குறிபார்ப்பதில் எனக்கு இடது கண்தான் ஓங்கிய கண். பாட்டி அடித்து அடித்து வலது கையால் எழுத வைத்தாலும், துப்பாக்கியை இடது தோளில்தான் வைக்க முடிகிறது. அந்த ஆக்‌ஷன் வலக்கைக்காரர்களுக்கானது. கைப்பிடியும் தோட்டா போடும் வாயும் வலப்பக்கம். வார் மாட்டிக் கையில் தாங்கிச் சுடும் பிரிவில் இது பெரிய தொல்லை. ஆனால் எஃப்-கிளாஸில் ரைஃபிள் தாங்கியிலும் மணல்பையிலும் கிடப்பதால், இடது கை பிடியை விடாமலேயே சும்மா இருக்கும் வலது கையால் போல்ட்டை இயக்கிவிடலாம். சொல்லப்போனால் அது வசதியாகவே இருந்தது. பயமுறுத்தியவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். சிரிப்பு நிற்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, அதைப் பிறகு சொல்கிறேன்.

குழல் வாங்கி, மரை வெட்டி, தோட்டா உட்காரும் அறை கடைந்து, பொருத்திச் சோதனை முத்திரை வாங்குவது வரை 820 பவுண்டு. இங்கே முதல் பாடம் கிடைத்தது. ரெமிங்டன் 700 என்ற ஆக்‌ஷன் 1962-இல் வந்தது. அதன் மரை அளவு, திருகுகளின் இடைவெளி, விசை உட்காரும் இடம் எல்லாமே இன்று ஒரு பொது அளவு போல ஆகிவிட்டன. அந்த அளவில் செய்த எத்தனையோ நிறுவனங்களின் ஆக்‌ஷன்களுக்கு ஆயத்தமாகக் கட்டையும் விசையும் ஸ்கோப் பட்டையும் கிடைக்கும். என்னுடையதற்கு எல்லாமே தனி அளவு. துப்பாக்கி வேலை செய்யும் கன்ஸ்மித் மரையை அளந்து பார்த்து, இந்த அளவைத் தாம் கண்டதே இல்லை என்றார். கட்டையை அதற்கென்று குடைந்து, அடியில் ரெசின் ஊற்றிப் படியவைக்க 690. ஸ்கோப் பட்டையைக்கூடச் செய்துதான் வாங்க வேண்டியிருந்தது. 1000 கஜத்துக்கு .308 தோட்டாவை மிக உயரமாக ஏவ வேண்டும், சாதாரணப் பட்டையில் ஸ்கோப்பின் திருகு போதாது, முன்பக்கம் 20 மினிட் (ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்கு) தாழ்ந்த பட்டை வேண்டும். பொது அளவு ஆக்‌ஷனாக இருந்தால் அது கடையில் தொங்கும்.

முதல் கோடை முழுவதும் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். 100 கஜத்தில் ஐந்து தோட்டாக்கள் ஒரே ஓட்டையில் போகும். 1000 கஜத்தில் அவை மேலும் கீழுமாகத் தெறித்துக் கிடக்கும். இடம் வலமாக அல்ல, மேலும் கீழும். காற்று இடம் வலமாகத்தான் அதிகம் தள்ளும். எனவே காற்றைக் குறை சொல்லவும் வழியில்லை. மருந்தை மாற்றினேன், குண்டை மாற்றினேன், ஸ்கோப்பைச் சந்தேகப்பட்டேன், என் மூச்சைச் சந்தேகப்பட்டேன். ஒரு குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேசையில் தராசை வைத்துக்கொண்டு மருந்தை மணி மணியாக நிறுத்தேன். நட்டம் 300 பவுண்டு. வீட்டில் என்னோடு பேச்சுவார்த்தை குறைந்தது தனிக் கணக்கு.

கடைசியில் ஒருவரிடம் வேகம் அளக்கும் கருவியை இரவல் வாங்கி இருபது தோட்டாக்களைச் சுட்டேன். மிக மெதுவானதற்கும் மிக வேகமானதற்கும் நொடிக்கு 52 அடி வித்தியாசம். .308-இல் நொடிக்கு 10 அடி வேகம் மாறினால் 1000 கஜத்தில் ஏறக்குறைய 3 அங்குலம் ஏறும் அல்லது இறங்கும். அப்படியானால் எனக்கு 15 அங்குலம். எங்கள் அட்டையில் நடு வட்டம் 5 அங்குலம், அதை அடுத்தது 10. அதே 52 அடி வித்தியாசம் 100 கஜத்தில் பத்தில் ஒரு அங்குலம்கூடக் காட்டாது. அத்தனை மாதமும் என்னை ஏமாற்றியது அதுதான். தயவுசெய்து 100 கஜத்தில் தோட்டாக்கள் நெருங்கி விழுவதைப் பார்த்து ரைஃபிளுக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள். முதல் மாதமே வேகத்தை அளந்துவிடுங்கள்.

வேகம் ஏன் மாறுகிறது என்பதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. பக்கத்து இடத்தில் சுடும் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், என் பெட்டியிலிருந்து பத்து வெற்று உறைகளை எடுத்தார். தம்முடைய பத்தையும் எடுத்தார். இரண்டு வரிசையாகப் புல்விரிப்பில் தலைகீழாக நிறுத்திவிட்டு, குனிந்து பார்க்கச் சொன்னார். அவருடைய உறைகளில் ப்ரைமரின் நட்டநடுவில் ஆழமான, வட்டமான பள்ளம். பத்தும் ஒரே அச்சு. என்னுடையவற்றில் பள்ளம் மையம் தப்பியிருந்தது. ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம். ஒரு பக்கம் மட்டும் வழித்தெடுத்தது போலச் சரிவு. முந்தைய வருடம் 'டிக்' என்ற தோட்டாவின் ஞாபகம் அப்போதுதான் வந்தது. ஃபயரிங் பின் ஒவ்வொரு முறையும் ஒரே வலுவோடு குத்தாவிட்டால் மருந்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகப் பற்றும். மருந்தை எவ்வளவு துல்லியமாக நிறுத்து என்ன பயன்?

கன்ஸ்மித் போல்ட்டைப் பிரித்தார். பின்னின் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போல மினுங்கியது, உள்ளே உரசியபடியே ஓடியிருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. புதிய ஸ்பிரிங் இருந்தால்தானே எவ்வளவு தளர்ந்தது என்று ஒப்பிட முடியும்! வேறொரு ஆக்‌ஷனின் ஸ்பிரிங்கை அளவுக்கு வெட்டி, பின்னை மெருகேற்றிப் போட்டுக் கொடுத்தார். வேக வித்தியாசம் இருபதுகளுக்கு இறங்கியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாவது வாரம் அந்தச் சிரிப்பு நின்றது. குத்து வலுவானதும் அடுத்த குறை வெளியே வந்தது. போல்ட் முகத்தில் பின் வெளியே வரும் துளை, பின்னைவிடக் கொஞ்சம் பெரிது. நான் வாங்கிவைத்திருந்ததோ சிறிய ப்ரைமர் போடும் உயர்தர உறைகள். அழுத்தத்தில் ப்ரைமரின் மெல்லிய தகடு அந்த இடைவெளிக்குள் பிதுங்கி ஒரு நாள் பொத்துக்கொண்டது. பளீரென்று சூடான காற்று என் முகத்தில் அடித்தது. இடது தோளில் வைத்துச் சுடும்போது என் முகம் கட்டையின் வலப்பக்கம் இருக்கும். தோட்டா வாயும் வலப்பக்கம். கைப்பிடி எந்தப் பக்கம் என்று எல்லோரும் பேசினார்கள், நானும் பேசினேன். வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பாதுகாப்புக் கண்ணாடியில் கரும்புள்ளிகள் தெறித்திருந்தன. கண்ணாடி போடாமல் இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஸ்கோப் இருக்கிறதே, வெயிலும் இல்லையே என்று கண்ணாடியைக் கழற்றிவைப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். கைப்பிடியை ஒரு பக்கமும் வாயை எதிர்ப்பக்கமும் வைத்து வேகத்துக்காக வாங்குபவர்களும் இருக்கிறார்கள், தெரிந்தே செய்கிறார்கள். ஆனால் முகம் எங்கே இருக்கிறது, வாயு எங்கே வெளியேறும் என்று வாங்குவதற்கு முன் படுத்துப் பார்த்துவிடுங்கள்.

துளையை அடைத்து, சிறிதாக மறுபடி துளையிட்டு, பின்னின் நுனியையும் கடைந்து ஒடுக்கலாம். அது தெரிந்த வேலைதான். செய்தோம். ஸ்பிரிங்கும் சேர்த்து 210 பவுண்டு. அதன் பிறகு இரண்டு போட்டிகள் பொன்னாகச் சுட்டேன். மூன்றாவதில், உறையை இழுக்கும் கொக்கியின் நுனி உடைந்தது. போல்ட் வந்தது, உறை வரவில்லை. குழலின் முன்வாயில் கம்பியை விட்டுத் தட்டி எடுத்தோம். கொக்கி விரல்நகம் அளவு இரும்புத் துண்டு. பொது அளவு ஆக்‌ஷனுக்கு அதைத் தபாலில் வரவழைத்துவிடலாம். என்னுடையதற்கு, இல்லாத பட்டறையிடம் கேட்க வேண்டும். செய்து தர முடியும், ஆனால் இனி இதன்மேல் நீங்கள் பணம் போடுவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை என்று கன்ஸ்மித் சொன்னார். அப்பா கேட்ட அதே கேள்வி, இரண்டு வருடம் தாமதமாக.

இரண்டாவது முறை வாங்கியபோது போல்ட்டைக் காதருகே வைத்துப் பார்க்கவில்லை. மைதானத்தில் வரிசையாக நடந்து, யார் யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். நியூசிலாந்தின் பர்னார்ட், இங்கிலாந்தின் ஆர்பிஏ, அமெரிக்காவின் பேட், கெல்ப்ளி என்று பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. எது துல்லியம் என்று நான் கேட்கவே இல்லை. அந்தத் தரத்தில் எல்லாமே துல்லியம்தான், மிச்சம் குழலின் வேலை. பின்னும் ஸ்பிரிங்கும் கொக்கியும் எத்தனை நாளில் வரும், என் கன்ஸ்மித்திடம் அதன் அளவுகளும் கருவிகளும் இருக்கின்றனவா, பின்னின் நுனியும் துளையும் சிறிய ப்ரைமருக்குப் பொருந்துமா என்று கேட்டேன். தொழிற்சாலை ஆக்‌ஷன் ஒன்றை மலிவாக வாங்கி, அதன் முகப்பைச் சமப்படுத்தி, மரையை நேராக்கிப் போட்டி தரத்துக்குக் கொண்டுவரலாம் என்று சிலர் சொன்னார்கள். செலவைக் கூட்டிப் பார்த்தால் முடிவில் புதிய போட்டி ஆக்‌ஷனுக்கு அருகில்தான் வந்து நின்றது, விற்கும்போது அந்த விலை திரும்பியும் வராது. மூன்று பூட்டுப்பற்கள் இருந்தால் போல்ட்டை 60 பாகை தூக்கினால் போதும், இரண்டு இருந்தால் 90. குறைந்த தூக்கல் மேல் என்று நினைத்திருந்தேன். இரவல் வாங்கிப் படுத்து இயக்கிப் பார்த்தால் மூன்று பல் வகை கைக்குக் கனமாக இருந்தது. அதே ஸ்பிரிங்கைக் குறைந்த சுற்றுக்குள் இழுத்துப் பூட்ட வேண்டுமே. என் ரைஃபிள் தாங்கியில் அசைந்தது. எனவே இரண்டு பல். இன்னொருவருக்கு இது நேர்மாறாகவும் இருக்கலாம்.

கடைசியில் ரெமிங்டன் அளவில் செய்த இடக்கை ஆக்‌ஷன் ஒன்றை எடுத்தேன், வாயும் இடப்பக்கம். பெயர் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். இடக்கை வகையை அடிக்கடி செய்வதில்லை என்பதால் ஐந்து மாதம் காத்திருந்தேன். இங்கே இன்னொரு விஷயம்: இங்கிலாந்தில் ஆக்‌ஷன் தனியாக இருந்தாலும் சட்டப்படி துப்பாக்கியின் பாகம். உரிமத்தில் அதற்கு இடம் இருக்க வேண்டும். பழையதை விற்காமல் புதியதை வாங்க உரிமத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அப்போதைய கட்டணம் 20 பவுண்டுதான், காத்திருந்தது பதினோரு வாரம். நல்ல வேளையாக ஆக்‌ஷனுக்குப் பணம் கட்டிய அன்றே விண்ணப்பித்திருந்தேன். கையில் வந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று இருந்திருந்தால் அந்தக் கோடையும் போயிருக்கும்.

பழைய குழலின் பின்பகுதியை வெட்டி, புது மரையும் அறையும் கடைந்து மீட்டேன். 260 பவுண்டும் இரண்டரை அங்குல நீளமும் போயின. கட்டையை 250-க்குக் கொடுத்துவிட்டேன், 440 நட்டம். விற்காத ஆக்‌ஷன், பழுதுபார்த்தது, வீணான மருந்து, குண்டு எல்லாம் கூட்டினால் 1,690 பவுண்டு, இரண்டு கோடைகள். முதலிலேயே ஆயிரத்துச் சொச்சம் கொடுக்கத் தயங்கியதன் விலை. புதியதில் வேக வித்தியாசம் பதினைந்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. சென்ற மாதம் 1000 கஜத்தில் ஒரு தோட்டா வெளியே போனது, கொடியைத் தவறாகப் படித்தது நான்தான். அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

அந்த ஆக்‌ஷன் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. எப்போதாவது எடுத்துப் போல்ட்டை இழுத்துப் பார்ப்பேன், இப்போதும் சத்தமே இல்லை. போன வாரம் ஒரு இளைஞர் வாங்க வந்தார். அவரும் மூன்று முறை இழுத்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது. ஸ்பிரிங், துளை, கொக்கி, மூடிப்போன பட்டறை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். யோசித்துவிட்டு அழைக்கிறேன் என்று போனார். இதுவரை அழைக்கவில்லை.